படத்தில் விழாமல் நிற்கவும்

டெரிக் அக்ராய்ட் இறந்துபோனதில் ஹெதர்பெக் பள்ளத்தாக்கு நீராவி ரயில் பாதுகாப்புச் சங்கத்துக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை. இறந்தபிறகு அவர் செய்ய நினைத்த காரியத்தில்தான் சிக்கல்.

அவருடைய ஆசை ஒன்றும் பெரிதல்ல. தன் சாம்பலை ஒரு நீராவி எஞ்சினின் நெருப்பில் போட வேண்டும். அந்த எஞ்சின் ஹாலின் மேடு என்ற ஏற்றத்தில் மூச்சு வாங்க ஏறும்போது புகைபோக்கி வழியே தான் வெளியே போக வேண்டும். வெயில் பக்கவாட்டில் விழ வேண்டும். அதை யாராவது ஒழுங்காகப் படம் எடுக்க வேண்டும். ரயில் பைத்தியங்கள் நெருப்புக்குள் போக ஆசைப்படுவது இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் புதிதல்ல. ஆனால் டெரிக்குக்கு நெருப்பைவிடப் படம்தான் முக்கியம். ஐம்பது வருஷத்துக்கு மேல் அந்த மேட்டில் நின்று படம் எடுத்தவர் அவர். ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூச்சுக்கு நடுவே அதையே திரும்பச் சொன்னார்.

"வெயில் இருக்கணும் பிரெண்டா. வெயில் இல்லாம எடுத்துடப் போறாங்க."

"சொல்லிடறேன்," என்றாள் அவர் மனைவி பிரெண்டா. டெரிக் அவளிடம் கடைசியாகப் பேசியது வெளிச்சத்தைப் பற்றித்தான்.

அவர் போனதிலிருந்து பிரெண்டாவுக்கு எதுவும் உறைக்கவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம்போல உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது. ரொட்டியில் வெண்ணெய் தடவினாளா என்று தின்றபிறகும் தெரியவில்லை. இறுதிச் சடங்கில் அழவில்லை. வீட்டுக்கு வந்தும் அழவில்லை. "நல்லா தாங்கிக்கறே," என்று பக்கத்து வீட்டுக்காரி மெச்சினாள். தாங்குவதற்கு ஒன்றுமே இல்லாததுதான் பிரெண்டாவுக்குக் கவலையாக இருந்தது. ஆனால் கொடுத்த வாக்கு ஒன்று இருந்தது. அதனால் சாம்பலை ஒரு பிஸ்கட் டப்பாவில் மாற்றிக்கொண்டு சங்கத்துக்குப் போனாள்.

பழைய நீராவி ரயில்களைப் பராமரித்துப் பொழுதுபோக்காக ஓட்டும் அந்தச் சங்கத்தின் அலுவலகம் ஹெதர்பெக் ஸ்டேஷனில் நிரந்தரமாக நின்றுவிட்ட ஒரு முதல் வகுப்புப் பெட்டி. தலைவர் கிளைவ் பேட்டர்ஸ்பி நகரசபையின் வாகன நிறுத்துமிடப் பிரிவில் காலமெல்லாம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு பொருள் ஓர் இடத்தில் நிற்கலாமா கூடாதா என்பதைத் தவிர வேறெதையும் அவர் வாழ்க்கையில் யோசித்ததில்லை என்று வேண்டாதவர்கள் சொல்வார்கள். வேண்டியவர்களும் அதையேதான் சொன்னார்கள், கொஞ்சம் பெருமையோடு.

"மிஸஸ் அக்ராய்ட், முதல்ல எங்க ஆழ்ந்த வருத்தத்தை நீங்க ஏத்துக்கணும்," என்றார் பேட்டர்ஸ்பி. "கமிட்டில முறையா தீர்மானம் போட்டிருக்கோம். ஏழு பேர் ஆதரவு. ரெண்டு பேர் நடுநிலை."

"நடுநிலைன்னா?"

"வருத்தப்படறதா வேண்டாமான்னு அவங்க இன்னும் ஒரு முடிவுக்கு வரலை."

"பரவால்ல. நானும் வரலை," என்றாள் பிரெண்டா. அவள் உள்ளதைச் சொன்னாள். பேட்டர்ஸ்பி அதைப் பண்பு என்று எடுத்துக்கொண்டார்.

விஷயம் இதுதான். தண்டவாள வேலிக்கு உள்ளே நின்று படம் எடுக்கச் சங்கம் அனுமதி அட்டை கொடுக்கும். டெரிக்கின் அட்டை அவர் இறந்த நிமிஷமே காலாவதியாகிவிட்டது. ஆனால் வேலிக்கு உள்ளே யார் வந்தாலும் அட்டை இருந்தாக வேண்டும்.

"அவரு வரமாட்டாரே. டப்பாவுல இருக்காரு."

"டப்பா வேலிக்கு உள்ள வருமில்ல?"

"வரும்."

"அப்போ அட்டை வேணும். நேத்து உயிரோட இருந்தவர், இன்னிக்கு இல்லைங்கறதுக்காக ஒரு உறுப்பினரை நாங்க குறைவா நடத்த முடியாது. பாதுகாப்புல எங்ககிட்ட பாரபட்சமே கிடையாது. ஒரு புகைப்படம் மட்டும் கொண்டாங்க."

அங்கேதான் பிரெண்டா மாட்டிக்கொண்டாள். வீட்டில் சுவர்களைவிடப் படங்கள் அதிகம். மாடிப்படியில் எஞ்சின், குளியலறையில் எஞ்சின், படுக்கைக்கு மேலே பனியில் ஒரு எஞ்சின். ஆல்பம் ஆல்பமாகப் புரட்டினாள். டெரிக்கின் நண்பர் மால்கமும் வந்து கூடவே உட்கார்ந்து புரட்டினார். ஒன்றில்கூட டெரிக் இல்லை. பிரெண்டாவும் இல்லை. அத்தனை படத்தையும் எடுக்கும்போது அவள் பக்கத்தில்தான் இருந்தாள், ஃப்ளாஸ்கும் சாண்ட்விச் பையுமாக. ரயில் வரும் சத்தம் கேட்டதும், "பிரெண்டா, கொஞ்சம் தள்ளி நில்லு," என்பார் டெரிக். அவள் தள்ளி நிற்பாள். அப்படித் தள்ளித் தள்ளி நின்றே ஐம்பத்தைந்து வருஷம் போயிருந்தது.

"கல்யாணப் படம் இருக்குமே. நான்தானே எடுத்தேன்," என்றார் மால்கம்.

அது கூடத்துச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. ஸ்டேஷனில் எடுத்தது. நடுவில் ஒரு கறுப்பு எஞ்சின், ஆணி ஆணியாகத் துலக்கமாக நின்றது. இடது ஓரத்தில் ஒரு ஆண் முழங்கை. அதை ஒட்டி ஒரு வெள்ளைத் துணியின் நுனி.

"அந்த எஞ்சின் அன்னிக்குத்தான் கடைசியா ஓடிச்சு," என்றார் மால்கம், கொஞ்சம் சங்கடத்தோடு. "மறுவாரம் உடைக்க அனுப்பிட்டாங்க. கல்யாணம்னா வேற எந்த நாள்லயும் நடந்திருக்கலாம்."

"எனக்கு அந்த நாள்தான் கிடைச்சுது மால்கம்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமும் மரத்துத்தான் இருந்தது. ஆக, பாஸ்போர்ட்டில் இருந்த படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அதை வாங்கிப் பார்த்தவர் நைஜல் ஃபாஸெட், சங்கத்தின் தண்டவாளப் படப்பிடிப்பு அதிகாரி, முன்னாள் பூகோள வாத்தியார். அவர் மூக்குக் கண்ணாடியை உயர்த்திப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இது செல்லாதுங்க. படம் விண்ணப்பதாரரோட இப்போதைய தோற்றத்தைக் காட்டணும்னு இருக்கு."

"இப்போதைய தோற்றம்னா டப்பாதான்."

"அப்போ டப்பா," என்றார் நைஜல். அவர் முகத்தில் ஒரு கோடு அசையவில்லை.

மால்கம் டப்பாவை ஜன்னலோரம் வைத்து, வெளிச்சம் விழும் திசைக்கு ஏற்பத் திருப்பித் திருப்பி, அரை நாள் செலவழித்துப் படம் எடுத்தார். மூடியில் இருந்த பிஸ்கட் கம்பெனி எழுத்து பளபளக்காமல் இருக்க மாவு தடவினார். டெரிக் அக்ராய்ட் என்ற பெயரோடு, பிஸ்கட் டப்பாவின் முகத்தோடு, அட்டை வந்தது. பிரெண்டாவுக்கும் ஒரு அட்டை வேண்டியிருந்தது. அதற்குப் பாதுகாப்பு வகுப்பில் உட்கார வேண்டும். டப்பாவும் உட்கார வேண்டும்.

வகுப்பை நைஜல் நடத்தினார். சரக்குக் கொட்டகையில் வரிசையாக நாற்காலி. பிரெண்டாவுக்குப் பக்கத்து நாற்காலியில் டப்பா. வேலிக்குள் வரும் எல்லாருக்கும் மினுங்கும் ஆரஞ்சு அங்கி கட்டாயம் என்பதால், குழந்தைகள் அங்கி ஒன்றை வெட்டித் தைத்து டப்பாவுக்கும் மாட்டியிருந்தார்கள். கொஞ்சம் தொளதொளவென்றுதான் இருந்தது.

"இந்த ஆரஞ்சு அங்கி எதுக்கு?" என்று கேட்டு, பதிலையும் நைஜலே சொன்னார். "டிரைவர் உங்களைப் பார்க்கறதுக்கு. ஒரு மைல் தூரத்துலேர்ந்து பளிச்சுனு தெரியணும். அதே சமயம், இந்த ஆரஞ்சு எந்த உறுப்பினரோட படத்துலயாவது விழுந்துச்சுன்னா, அதைவிடப் பெரிய குற்றம் நம்ம சங்கத்துல கிடையாது. எஞ்சின்ல அடிபட்டவங்களை நாங்க ஆஸ்பத்திரில போய்ப் பார்த்திருக்கோம். படத்துல விழுந்தவங்களை யாரும் போய்ப் பார்த்ததில்லை. ஆக, நல்லாத் தெரியணும், ஆனா யார் கண்ணுலயும் படக்கூடாது. இது நிறைய பேருக்குப் புரிய நாளாகும்."

"எனக்குப் புரியுது. கல்யாணம் ஆனதுலேர்ந்து அப்படித்தான் இருந்தேன்," என்றாள் பிரெண்டா.

"அப்படின்னா பரீட்சை உங்களுக்குச் சுலபம்," என்று நைஜல் மகிழ்ந்துபோனார். அவள் முதலாவதாகத் தேறினாள். டப்பா கேள்விகளுக்குப் பதில் சொல்லாததால் பார்வையாளர் தகுதி மட்டும் கிடைத்தது.

அடுத்தது புகைத் துணைக்குழு. ஹாலின் மேட்டில் எஞ்சின் கக்கும் புகை எந்த நிறத்தில் இருக்க வேண்டும் என்பதில் சங்கம் இரண்டாகப் பிரிந்து பல வருஷமாகிறது. கறுப்புக் கட்சிக்காரர்கள் வெள்ளைக் கட்சிக்காரர்களோடு ஒரே மேசையில் டீ குடிக்க மாட்டார்கள். டெரிக் கறுப்புக் கட்சி. ஆனால் டெரிக்கின் சாம்பலோ வெளுப்பு. அவரைப் போட்டால் புகை வெளுத்துவிடுமோ, வெளுத்தால் அது வெள்ளைக் கட்சியின் வெற்றி ஆகிவிடுமோ என்று விவாதம் எழுந்தது. சோதனைக்காக அதே எடை கோதுமை மாவை நெருப்பில் போட்டு ஓட்டிப் பார்த்தார்கள். புகை நிறம் மாறவில்லை. பள்ளத்தாக்கு முழுவதும் ரொட்டி வாசனை அடித்தது. சுற்றுலா வந்தவர்கள் ஸ்டேஷன் கேன்டீன் வாசலில் வந்து நின்றார்கள். "மறைந்த உறுப்பினர் புகையின் நிறத்தில் தலையிடமாட்டார் என்று கமிட்டி நம்புகிறது," என்று முடிவானது. எதிர்த்து வாக்களித்தவர்கள் தங்கள் எதிர்ப்பைப் பதிவு செய்தார்கள்.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை குறிக்கப்பட்டது. அதற்கு முந்தின வாரம் பேட்டர்ஸ்பியே பிரெண்டா வீட்டுக்கு வந்தார். டீ கொடுத்தாள். சர்க்கரை போட்டாளா என்று நினைவில்லாமல் இன்னொரு தடவையும் போட்டாள். அவர் முகம் சுளிக்காமல் குடித்தார்.

"ஒரு சின்ன விஷயம் மிஸஸ் அக்ராய்ட். நம்ம சிறப்பு ஓட்டம் ஒவ்வொண்ணும் ஒரு குறிப்பிட்ட வருஷத்துல நடக்கறதா பாவிப்போம். இது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அம்பத்தேழு. எஞ்சின் நம்பரைக்கூட மாத்தி எழுதியாச்சு. டெரிக் சின்ன வயசுல பார்க்காம விட்ட எஞ்சினோட நம்பர். அந்த எஞ்சின் எப்பவோ பழைய இரும்பாப் போயிடுச்சு."

"அப்போ டெரிக் இல்லாத எஞ்சின்ல போறாரு."

"முழு வரலாற்று உண்மையோட போறாரு," என்று திருத்தினார் பேட்டர்ஸ்பி. "பெட்டில உட்கார்ற ஆளுங்களுக்கு அந்தக் காலத்துத் தொப்பி, கோட்டு எல்லாம் ஏற்பாடு பண்ணியிருக்கோம். இப்ப பிரச்சினை என்னன்னா, அம்பத்தேழுல டெரிக்குக்கு ஒன்பது வயசு. நல்லா உயிரோட இருந்தாரு. அதனால அன்னிக்கு மேட்டுல யாரும் துக்கம் காட்டக்கூடாது. காட்டினா காலப்பொருத்தம் கெட்டுடும்."

"நான் ஒண்ணும் காட்டலையே."

"அதைத்தான் கமிட்டி மனசாரப் பாராட்டிச்சு. நான் நேர்ல சொல்லணும்னு வந்தேன்."

அவர் எழுந்திருக்கும்போது இன்னொன்றும் சொன்னார். சிறப்பு ஓட்டம் என்றால் ரயில் மேட்டில் ஏறி, படம் எடுத்தவர்கள் திருப்திக்காகப் பின்னால் இறங்கி, மறுபடி ஏறி வரும். மொத்தம் மூன்று தடவை. அது விதி. டெரிக்கை ஒரே தடவையில் போட்டுவிட்டால் மற்ற இரண்டு ஓட்டமும் வீண். ஆகவே பிரித்துப் போட வேண்டும்.

அன்று மாலை பிரெண்டா சமையல் மேசையில் காகிதம் விரித்து, சூப்புக் கரண்டியால் கணவனை மூன்று பொட்டலமாகக் கட்டினாள். இதைச் செய்யும்போதாவது ஏதாவது வரும் என்று காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. கரண்டியைக் கழுவிக் கவிழ்த்தாள்.

சனிக்கிழமை பொழுது வெளுத்தபோது ஹாலின் மேட்டில் கூட்டம் கூடிவிட்டது. குட்டையானவர்கள் முன்னால், நெட்டையானவர்கள் பின்னால், அதற்கும் பின்னால் மடக்கு ஏணி கொண்டுவந்தவர்கள் என்று வரிசை வரிசையாக நின்றார்கள். முக்காலிகளின் கால்கள் ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக் கிடந்தன. எல்லாரும் ஆண்கள், எல்லார் மேலும் ஆரஞ்சு அங்கி, எல்லாரும் வானத்தைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அந்த மேகம் எங்க போகுது பாரு."

"நம்மளை நோக்கித்தான் வருது. வேற எங்க போகும்? நான் வந்திருக்கேன்ல."

"போன வருஷம் ஸ்காட்லாந்துல மூணு நாள் நின்னேன். மூணு நாளும் சரியா ரயில் வரும்போது போச்சு வெயில்."

"உன்னைக் கூட்டிட்டு வந்தது யாருடா?"

பேட்டர்ஸ்பி ஒரு பால் கேன்மேல் ஏறி நின்று பேசினார். "நண்பர்களே, டெரிக் அக்ராய்ட் நம்ம விதிமுறையை ஒருநாளும் மீறினதில்லை. படத்துல விழுந்ததில்லை. அடுத்தவர் படத்தை மறைச்சதில்லை. அவர் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. ஒரு உறுப்பினரைப் பத்தி இதைவிட உயர்வா என்ன சொல்ல முடியும்? ஆனா இன்னிக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அம்பத்தேழு. அதனால நான் இப்ப சொன்னது எதையும் நான் சொல்லலை."

கை தட்டினார்கள். அங்கி உரசும் சத்தம்தான் பெரிதாகக் கேட்டது.

மேட்டின் அடியில் எஞ்சின் காத்திருந்தது. பிரெண்டா பொட்டலங்கள் இருந்த டப்பாவை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். கரி அள்ளிப் போடுகிறவர் ஜெரால்ட். வாரநாட்களில் பல் மருத்துவர். கறுத்த கையைத் துடைத்துவிட்டுப் பொட்டலங்களை மரியாதையாக வாங்கிக்கொண்டார்.

"ஒவ்வொரு தடவையும் போட்ட உடனே நீளமா விசில் அடிக்கச் சொல்றேன். சரியா?"

"சரி ஜெரால்ட், ஒண்ணு கேக்கட்டுமா? மரத்துப்போனா எப்போ சரியாகும்?"

"ரெண்டு மணி நேரத்துல சரியாயிடும். அதுவரைக்கும் சூடா எதுவும் குடிக்காதீங்க. கன்னத்தைக் கடிச்சிட்டாக்கூட வலி தெரியாது," என்றார் ஜெரால்ட். "எந்தப் பல்லு?"

"எல்லாமே," என்று சொல்லிவிட்டு அவள் மேடேறினாள்.

எல்லா வரிசைக்கும் பின்னால் போய், வழக்கமான இடத்தில் ஃப்ளாஸ்கோடு நின்றாள். யாரும் போகச் சொல்லவில்லை. கால்கள் தாமாகவே போய்விட்டன.

நீளமாக விசில் கேட்டது. கீழே வளைவில் கரும்புகை எழுந்தது. எஞ்சின் மேட்டைப் பிடித்து, திணறி, உறுமிக்கொண்டு ஏறியது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கேமராக்கள் எல்லாம் கண்ணுக்கு உயர்ந்தன. அந்த நேரம் பார்த்து மேகம் வந்து வெயிலை மூடியது. வரிசை முழுவதும் ஒரு பெருமூச்சு ஓடியது. உயர்ந்த கேமராக்கள் அத்தனையும் ஒன்றாகக் கீழே இறங்கின. ரயில் அவர்கள் முன்னால் இரைந்துகொண்டு போனது. ஒருத்தர்கூட ஒரு படம் எடுக்கவில்லை. யாரோ சாண்ட்விச் பிரித்தார்.

பிரெண்டா முன்னால் வந்து மால்கமின் தோளைத் தொட்டாள்.

"நீ எடுக்கலையா?"

"வெளிச்சம் போயிடுச்சு பிரெண்டா."

"டெரிக் போயிட்டிருக்காரு மால்கம்."

"எனக்குத் தெரியாதா? ஆனா வெயில் இல்லையே. இதை டெரிக்கே எடுத்திருக்கமாட்டான்."

அது உண்மை. பிரெண்டாவுக்கு அதில் சந்தேகமே இல்லை. வெயில் இல்லாவிட்டால் டெரிக் தன்னுடைய சாம்பலாக இருந்தாலும் எடுத்திருக்கமாட்டார். அவள் திரும்பத் தன் இடத்துக்குப் போனாள்.

ரயில் பின்னால் இறங்கியது. இரண்டாம் தடவை விசில் கேட்டபோது வெயில் சரியாக இருந்தது, காற்றும் நின்றிருந்தது. எஞ்சின் வளைவைத் தாண்டி வரும் நேரம், அந்தக் காலத்துப் புல்தரையின் நடுவே இந்தக் காலத்து சிப்ஸ் பாக்கெட் ஒன்று கிடப்பதை நைஜல் பார்த்துவிட்டார். கடமை அவரை உந்தியது. ஓடினார். குனிந்தார். எஞ்சின் வந்தது. அங்கே எடுக்கப்பட்ட எல்லாப் படத்திலும் நட்டநடுவே ஆரஞ்சு நிறத்தில் நைஜலின் பின்பக்கம் விழுந்தது.

பொறுமைசாலிகளான ஆங்கிலேயர்கள் அப்போது பேசியதை இங்கே எழுத முடியாது.

"நான் படத்துல விழலை," என்றார் நைஜல், பாக்கெட்டைத் தூக்கிக் காட்டி. "நான் கடமையில இருந்தேன். கடமையில இருக்கற அதிகாரி படத்துல இருந்தாலும் இல்லாதவராத்தான் கருதணும். விதியைப் பாருங்க."

டெரிக்கின் இரண்டாம் பங்கும் போய்விட்டது. இனி ஒரு பொட்டலம்தான் பாக்கி.

மூன்றாம் விசில் வந்தது. வெயில் இருந்தது. நைஜலை இரண்டு பேர் அங்கியைப் பிடித்து நிறுத்தியிருந்தார்கள். எஞ்சின் பாதி மேடு ஏறும்போது காற்று திரும்பியது. மேலே போன புகை அப்படியே மடிந்து, தரையோடு தரையாக, இவர்கள் பக்கம் இறங்கி வர ஆரம்பித்தது. "புகை விழுது," என்று யாரோ முனகினார்.

பிரெண்டா ஃப்ளாஸ்கைப் புல்லில் வைத்தாள். ஏன் வைத்தாள் என்று பின்னால் விசாரணையில் கேட்டார்கள். கை வேண்டியிருந்தது என்றாள். முக்காலிகளுக்கு நடுவே புகுந்து, ஏணிகளைத் தாண்டி, குட்டையானவர்களின் முன்வரிசையையும் தாண்டி அவள் நடந்தாள்.

"பிரெண்டா. தள்ளி நில்லு."

"யாருப்பா அந்தம்மா, தள்ளி நில்லுங்க."

"படத்துல விழுறீங்க. தள்ளி நில்லுங்கம்மா."

ஐம்பத்தைந்து வருஷம் ஒரு குரலில் கேட்டது இன்று ஐம்பது குரலில் கேட்டது. அவள் தள்ளி நிற்கவில்லை. தண்டவாளத்துக்கு விதிப்படி விட வேண்டிய தூரத்தைச் சரியாக விட்டு நின்றாள். வகுப்பில் முதலாவதாகத் தேறியவள் அல்லவா. புகை வந்து அவளை முழுக்க மூடியது. கரி வாசனை அடித்தது. கன்னத்தில் சூடாக ஏதோ பட்டது. அதற்குள் ரயில் போய்விட்டது.

திரும்பி நடந்து வந்து ஃப்ளாஸ்கை எடுத்துக்கொண்டு, "யாருக்காவது டீ வேணுமா?" என்று கேட்டாள். அவளுக்கு அப்போதும் ஒன்றும் தோன்றவில்லை. தோன்றவில்லை என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

பத்து நாளில் விசாரணைக்கு அழைப்பு வந்தது. அதே முதல் வகுப்புப் பெட்டி. எதிர் இருக்கையில் பேட்டர்ஸ்பியும் நைஜலும். கதவோரத்தில் மால்கம் சாட்சியாக உட்கார்ந்திருந்தார். பிரெண்டாவின் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னலில் பார்க்க எதுவும் இல்லை. அந்தப் பெட்டி எங்கும் போகாது.

"மிஸஸ் அக்ராய்ட், இது எங்களுக்கு ரொம்ப வேதனை," என்றார் பேட்டர்ஸ்பி. "சங்கத்தோட வரலாற்றுலயே, கடமையில இருந்தவரைத் தவிர, யாராலயும் ஒரே நேரத்துல எல்லாரோட படமும் கெட்டதில்லை. வெயிலும் சரியா இருந்து, அதிகாரியும் குறுக்க வராத ஒரே ஓட்டம். எல்லார் விரலும் அழுத்திடுச்சு. எல்லார் படத்துலயும் நீங்கதான். ஆளை உறுதிப்படுத்தறதுக்காக, இருக்கறதுலயே தெளிவான படத்தைப் பெருசு பண்ணியிருக்கோம். மால்கம் எடுத்தது."

நைஜல் ஒரு பெரிய அட்டையைத் திருப்பி இருக்கைமேல் சாய்த்து வைத்தார்.

படத்தில் எஞ்சின் ஏறக்குறைய இல்லை. மாற்றி எழுதிய நம்பர் தெரியவில்லை. புகை மட்டும் இருந்தது. கறுப்பும் இல்லை, வெள்ளையும் இல்லை. பக்கவாட்டில் விழுந்த வெயில் அதற்குள் புகுந்து, ஓரமெல்லாம் பொன்னாகி, சுருள் சுருளாக இறங்கி வந்து ஒரு வயதான பெண்ணின் தோளைச் சுற்றியிருந்தது. ஆரஞ்சு அங்கி போட்ட அந்தப் பெண் இரண்டு கையையும் கொஞ்சம் விரித்து, முகத்தை மேலே தூக்கி நின்றாள். வாய் திறந்திருந்தது. முகம் நனைந்து, கரி கோடு கோடாக வழிந்திருந்தது.

"இது நீங்கதானா?" என்று கேட்டார் பேட்டர்ஸ்பி.

பிரெண்டா வெகுநேரம் பார்த்தாள்.

"இவ அழுதுட்டிருக்காளே," என்றாள்.

"அது குற்றச்சாட்டுல இல்லை."

"இருக்கு தலைவரே," என்று நைஜல் தாழ்ந்த குரலில் எடுத்துக் கொடுத்தார். "ரெண்டாவது பிரிவு. காலத்துக்குப் பொருந்தாத துக்கம்."

பிரெண்டா மால்கம் பக்கம் திரும்பினாள். "இதுல டெரிக் எங்க?"

மால்கம் முதல்முறையாக அவளைப் பார்த்தார். "உன்னைச் சுத்தித்தான் இருக்கான். எல்லாமே அவன்தான்."

கல்யாணப் படத்தில் ஒரு முழங்கையும் ஒரு துணி நுனியும் இருந்தன. இதில் இரண்டு பேரும் முழுசாக இருந்தார்கள். வெயிலும் சரியாக இருந்தது. டெரிக் பார்த்திருந்தால் அதை மட்டுமாவது மெச்சியிருப்பார்.

"எனக்கு இந்தப் படம் வேணும்," என்றாள்.

"அது முடியாதுங்க," என்றார் பேட்டர்ஸ்பி. உண்மையிலேயே வருத்தப்பட்டார், இந்தத் தடவை தீர்மானம் போடாமலே. "கெட்டுப்போன படத்தையெல்லாம் உறுப்பினர்கள் அழிச்சிடணும். சங்கத்தோட பேர் கெடக்கூடாதுல்ல. எல்லாரும் அழிச்சாச்சு. இது ஒண்ணுதான் விசாரணைக்காக வச்சிருக்கோம். விசாரணை முடிஞ்சதும் இதுவும் போயிடும். ஒரே ஒரு விதிவிலக்குதான்."

"என்ன?"

"குற்றத்தை ஒத்துக்கறவங்களுக்கு, அவங்க என்ன குற்றம் பண்ணினாங்கன்னு மறக்காம இருக்க, சாட்சியத்தோட ஒரு பிரதி கொடுக்கணும். ஆனா நீங்க அதைப் பண்ணாதீங்க. ஒத்துக்கிட்டா வாழ்நாள் தடை. உங்க அட்டையோட டெரிக் அட்டையும் ரத்தாயிடும். பதறிட்டேன், தெரியாம நடந்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. முதல் பிரிவுக்குக் கண்டனத்தோட விட்டுடறோம். ரெண்டாவதை எழுதவே வேண்டாம். புகை பட்டு கண் கலங்கிச்சுன்னு போட்டுக்கலாம். கமிட்டில ஏற்கெனவே பேசி வச்சிருக்கேன்."

பிரெண்டா கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். விரல் நனைந்தது. எப்போதிருந்து என்று தெரியவில்லை. வலித்தது. பல் ஊசியின் மருந்து இறங்கும்போது வலிக்குமே, அப்படி எல்லா இடத்திலும் ஒரே சமயத்தில் வலித்தது.

"ஒத்துக்கறேன்," என்றாள். "ரெண்டையும்."

"மிஸஸ் அக்ராய்ட், ரெண்டாவதுக்கு அவசியமே இல்லை."

"ரெண்டாவதைத்தான் முதல்ல எழுதணும், நைஜல். புகைன்னு போட்டுடாதீங்க."

நைஜல் எழுதினார். மால்கம் கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார். அது விசாரணைக் குறிப்பில் ஏறவில்லை.